சாட்சி மேடையில் எதைச் சொல்வது, எதை விடுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட ஒருவர் தன் பழைய வாழ்க்கையைப் பற்றிச் சபையார் முன் எழுந்து சாட்சி சொல்வது நெடுநாள் வழக்கம். முன்பெல்லாம் அந்தச் சாட்சி அந்த அறையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். கேட்பவர்களில் பெரும்பாலோர் சொல்பவரை நேரில் அறிந்தவர்கள். இன்று முன்வரிசையில் யாரோ ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தால் போதும், அன்று மாலைக்குள் அந்தப் பேச்சு முன்பின் தெரியாதவர்கள் கைக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சாட்சி சொல்ல முன்வருகிறவர்களை ஆயத்தப்படுத்தும் பொறுப்பில் இருக்கிறவர்கள் நாங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது, யாரிடம் கேட்டுவிட்டுச் சொல்வது என்பதில் நடைமுறைக்குத் தேவையான சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். பாவத்தின் பெயரைச் சொல்லுங்கள், அதனால் வந்த கேட்டையும் சொல்லுங்கள். அதன் காட்சியைச் சொல்லாதீர்கள். அந்தப் பாவத்தில் இன்னொருவருக்கும் பங்கு இருக்குமானால், அவருக்குத் தெரியாமல் அதன் பெயரைக்கூடச் சொல்லாதீர்கள்.

இது கூச்சத்தால் வந்த விதி அல்ல. வேதத்தில் இருக்கும் சாட்சிகளை அளந்து பார்த்தாலே தெரியும். அகிரிப்பா ராஜா முன் பவுல் பேசியது அப்போஸ்தலர் 26-ஆம் அதிகாரத்தில் 2-ஆம் வசனம் முதல் 23-ஆம் வசனம் வரை இருக்கிறது. அதில் தான் செய்த கொடுமைகளுக்கு அவர் ஒதுக்கியவை 9 முதல் 11 வரையான மூன்று வசனங்கள். தமஸ்கு வழியில் இயேசு அவருக்குத் தோன்றியதற்கு 12 முதல் 18 வரை ஏழு. அதற்குப் பின் தான் என்ன செய்தார் என்பதற்கு 19 முதல் 23 வரை ஐந்து. அந்த மூன்று வசனங்களில் மழுப்பல் எதுவும் கிடையாது. பரிசுத்தவான்களை, அதாவது இயேசுவின் விசுவாசிகளை, சிறையில் அடைத்ததையும், அவர்கள் கொலை செய்யப்பட்டபோது சம்மதம் கொடுத்ததையும், ஜெப ஆலயங்களில் தண்டித்துத் தூஷணம் சொல்லக் கட்டாயப்படுத்தியதையும் ஒளிக்காமல் சொல்லுகிறார். ஆனால் யார் எப்படி அழுதார்கள், எந்த வீட்டுக் கதவை எப்படி உடைத்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. தன் இளம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இன்னும் சுருக்கம்: தூஷிக்கிறவன், துன்பப்படுத்துகிறவன், கொடுமைசெய்கிறவன் என்று மூன்றே சொல்.

வரி வசூலிப்பவனான சகேயுவின் சாட்சியில் (லூக்கா 19) கணக்கு வருகிறது. ஆனால் எங்கே வருகிறது என்று பாருங்கள். யாரிடம், எந்தத் தந்திரத்தால், எவ்வளவு சுரண்டினான் என்பதில் ஒரு எண்கூட இல்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை (நான்கு மடங்கு) என்று எண்கள் எல்லாம் திருப்பிக் கொடுப்பதில்தான் வருகின்றன. நம் மேடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. எத்தனை லட்சம் ஏமாற்றினேன் என்பது துல்லியமாக வரும். திருப்பிக் கொடுத்தது எவ்வளவு என்ற இடத்தில் குரல் தாழ்ந்துவிடும்.

கெட்ட குமாரன் உவமையில் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. இளையவன் தூரதேசத்தில் செய்ததைச் சொல்லும்போது இயேசு ‘துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். மகன் திரும்பி வந்து அறிக்கையிடும்போதும் ‘பரத்துக்கு விரோதமாகவும் உமக்கு முன்பாகவும் பாவஞ்செய்தேன்’ என்கிறானே தவிர, விவரம் சொல்லவில்லை. தகப்பனும் கேட்கவில்லை. ‘வேசிகளிடத்தில்’ என்ற விவரத்தை முதன்முதலில் கதைக்குள் கொண்டுவருகிறவன் மூத்த மகன். அதுவும் கோபத்தில், வீட்டுக்குள் வர மனமில்லாமல் வெளியே நின்றுகொண்டு. சாட்சி முடிந்ததும் ‘இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்’ என்று தூண்டும் பேட்டியாளர்கள் தாங்கள் யார் பக்கம் நிற்கிறோம் என்று யோசித்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. ‘நான் பெரிய பாவியாக இருந்தேன், சொல்ல முடியாத பாவங்கள் எல்லாம் செய்தேன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது. இதனால் இரண்டு கேடு. கேட்பவர் அந்த வெற்றிடத்தைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வார், பெரும்பாலும் நடந்ததைவிட மோசமாக. அதே பாவத்தோடு போராடிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கோ, ‘இவருக்கு விடுதலை கிடைத்தது என் பிரச்சினையிலிருந்தா, வேறு எதிலிருந்தோவா’ என்று தெரியாமலே போய்விடும். ஆகவே பெயர் வேண்டும். சூதாட்டம் என்றால் சூதாட்டம், குடி என்றால் குடி, பொய்க்கணக்கு என்றால் பொய்க்கணக்கு.

சூதாட்டத்தையே எடுத்துக்கொண்டு வேறுபாட்டைக் காட்டுகிறோம். ‘பணவிஷயத்தில் தவறான வழியில் போனேன்’ என்பது மங்கல். ‘எட்டு வருடம் சூதாட்டத்துக்கு அடிமையாக இருந்தேன். கடன் வாங்கினேன், அதை மறைக்கப் பொய் சொன்னேன், வீட்டுச் செலவுக்கான பணத்தை எடுத்தேன். கடனை இன்னும் தவணையில் அடைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது போதுமான அளவு. இதற்கு மேல் எந்தச் செயலியில் விளையாடினேன், முதல் வாரத்தில் எவ்வளவு ஜெயித்தேன், ஜெயித்த இரவு எப்படி இருந்தது என்று போனால் அது விளம்பரம். கேட்கிற பையன்களுக்கு அந்த ஜெயித்த தொகைதான் மனதில் நிற்கும்.

அடிமைப்பழக்கங்களில் இது வெறும் ரசனைக் கேள்வி அல்ல. போதையிலிருந்து மீண்டுகொண்டிருப்பவருக்குப் பழைய பொருளின் வாசனை, அதைத் தயாரிக்கும் விதம், உட்கொள்ளும் கருவி ஆகியவற்றைப் பற்றிய விவரிப்பே ஏக்கத்தைத் தட்டி எழுப்பிவிடும். மறுவாழ்வுப் பணியில் இருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். ஆகவே பொருளின் பெயர் போதும். எங்கே கிடைத்தது, எப்படி ஒளித்தேன், எந்த அளவில் என்ன உணர்வு வந்தது என்பவை மூன்றும் வேண்டாம். தற்கொலை முயற்சியைச் சொல்ல நேர்ந்தால் இன்னும் கடுமையான எல்லை வேண்டும். முறையையும் இடத்தையும் சொல்லக்கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பு ஊடகங்களுக்கு வகுத்த வழிகாட்டுதல் சாட்சி மேடைக்கும் பொருந்தும். ‘உயிரை விடத் தீர்மானித்த நிலைக்குப் போனேன். ஒருவரிடம் பேசினேன். சிகிச்சைக்குப் போனேன்’ என்று சொன்னால் கேட்பவருக்கு வழி தெரியும். உதவியைப் பெற்ற விதத்தை விரித்துச் சொல்வதில் தவறே இல்லை. ஜெபத்தோடு மருத்துவரும் இருந்தார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவரை விழுங்கிவிட்டுச் சொல்லப்படும் சாட்சியைக் கேட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

மாந்திரீகம், பில்லிசூனியம் பற்றிய சாட்சிகளில் சடங்கின் படிகளையும் மந்திரச் சொற்களையும் ஒப்பிப்பதற்கும் இதே பதில்தான். எபேசுவில் மாயவித்தைக்காரர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து சுட்டெரித்தார்கள் என்று அப்போஸ்தலர் 19 சொல்லுகிறது. அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்று கணக்கும் வருகிறது. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு வரி இல்லை. பாலியல் பாவங்களைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை. ‘அவர்கள் ஒளிப்பிடத்தில் செய்யுங்கிரியைகளைச் சொல்லுகிறதும் அவலட்சணமாயிருக்கிறதே’ என்று எபேசியர் 5:12 ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது.

இனி, பெரும்பாலோர் சறுக்கும் இடத்துக்கு வருவோம். தன் பாவம் தன் சொத்து, அதைச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று சாட்சி சொல்பவர் நினைத்துக்கொள்கிறார். பாதிதான் உண்மை. குடித்துவிட்டு அடித்தவரின் கதையில் அடிவாங்கியவர் இருக்கிறார். திருமண உடன்படிக்கையை மீறியவரின் கதையில் துணையும், இன்னொருவரும், அந்த இன்னொருவரின் குடும்பமும் இருக்கிறார்கள். மேடையில் பேசுகிறவருக்கு மன்னிப்பும் கைதட்டலும் கிடைக்கும். கீழே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ அடுத்த வாரம் முழுவதும் பக்கத்து வீட்டுப் பார்வை கிடைக்கும். எனவே துணையைத் தொடும் எந்தப் பாவமானாலும், எவ்வளவு மென்மையாகச் சொல்வதாக இருந்தாலும், துணையின் சம்மதம் இல்லாமல் மேடைக்கு வரக்கூடாது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. சம்மதம் கேட்கும் முறையும் முக்கியம். ‘நான் சாட்சி சொல்லப்போகிறேன், உனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லையே?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எழுதிய முழு வாசகத்தையும் கையில் கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் விட்டு, வேண்டாத வரியை அவரே அடித்துவிடட்டும் என்று பேனாவையும் கொடுக்க வேண்டும். அடித்த வரிக்குக் காரணம் கேட்கக்கூடாது. சாட்சி சொல்பவர் முன்னிலையில் பேசத் தயங்கும் துணைகள் பலர். ஆகவே பெண் என்றால் சபையில் பொறுப்பான ஒரு மூத்த அக்காவோ, ஆண் என்றால் ஒரு மூப்பரோ தனியே கேட்டு உறுதிசெய்வது நல்லது.

பெயரை விட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ‘என் பழைய அலுவலகத்தில் கூட வேலை பார்த்தவர்’ என்று சொன்னால், அந்த அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லாருமே சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறார்கள். உறவுமுறை, வேலையிடம், தெரு, வருடம் என்று நாலில் எந்த இரண்டு சேர்ந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நான்கையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், சாட்சிக்கு ஒரு குறையும் வராது. சிறு பிள்ளைகளைப் பொறுத்தவரை சம்மதம் என்பதே பொருளற்றது. எட்டு வயதில் ‘சரிப்பா’ என்ற பிள்ளை பதினைந்து வயதில் வகுப்புத் தோழன் கைப்பேசியில் அதைப் பார்க்கும். பிள்ளைகள் வரும் வரியை எடுத்துவிடுவதே வழி. மறைந்த பெற்றோரின் குறைகளைச் சொல்லும்போது உடன்பிறந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆதித் திருச்சபையின் ஆயர் அகஸ்டினை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நாலாம் நூற்றாண்டின் இறுதியில் தன் பாவ அறிக்கையைப் பதின்மூன்று புத்தகங்களாக எழுதியவர். மகன் அதெயோதாத்தின் பெயரைச் சொல்லுகிறார். அந்த மகனைப் பெற்று, பல ஆண்டுகள் தன்னோடு வாழ்ந்து, பின்பு அனுப்பப்பட்ட பெண்ணின் பெயரைக் கடைசிவரை எழுதவே இல்லை. அவர் எழுதாததால் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அதில் உரிய மரியாதை கிடைத்ததா, இல்லை அவள் அழிக்கப்பட்டாளா என்று அறிஞர்கள் வாதிடுவார்கள். எப்படியானாலும் அவள் முகவரி கேட்டு யாரும் போக முடியவில்லை.

விவேகம் என்ற பெயரில் குற்றத்தை மூடி மறைப்பதற்கு இந்தக் கடிதத்தை யாரும் துணைக்கு அழைக்க வேண்டாம். செய்த பாவம் சட்டப்படியும் குற்றமாக இருந்து, குறிப்பாகக் குழந்தைகளுக்கோ பெண்களுக்கோ இழைக்கப்பட்ட வன்முறையாக இருந்தால், அதற்கு உரிய முதல் இடம் மேடை அல்ல, காவல் நிலையம். குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தை அறிந்தவர் புகார் தெரிவிக்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். ‘கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு வழக்கைத் தவிர்க்கப் பார்ப்பவரை எந்தச் சபையும் மேடையேற்றக்கூடாது. பாதிக்கப்பட்டவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்து ‘ஆமென்’ சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவது இரண்டாவது வன்முறை. அவரை மேடைக்கு அழைத்து எல்லார் முன்னும் கைகுலுக்க வைப்பதும் அதில் சேர்ந்ததே. மறுபுறம், தனக்கு நேர்ந்த கொடுமை பாதிக்கப்பட்டவரின் பாவம் அல்ல. அதைச் சாட்சியில் ‘என் பழைய பாவ வாழ்க்கை’ என்ற தலைப்பின் கீழ் கொண்டுவர யாரும் அவரைத் தூண்டக்கூடாது.

விவரம் சொல்லியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. ஜான் நியூட்டன் அடிமை வியாபாரக் கப்பலின் தலைவராக இருந்தவர். 1764-ல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில் அந்தத் தொழிலைப் பற்றி அவர் அதிகம் வருந்தி எழுதவில்லை. 1788-ல், அடிமை வியாபாரத்தை ஒழிக்கும் போராட்டம் எழுந்தபோது, கப்பலில் மனிதர்கள் எப்படி அடைக்கப்பட்டார்கள், எப்படி நடத்தப்பட்டார்கள் என்று விவரமாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். அங்கே விவரம் அவருடைய மாற்றத்துக்கு அலங்காரமாக வரவில்லை. இன்னும் கப்பலுக்குள் கிடந்தவர்களுக்காக வந்தது. பிரிட்டனில் அந்த வியாபாரம் 1807-ல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. விவரத்தால் நன்மை அடையப்போவது யார்? பாதிக்கப்பட்டவரா, பேசுகிறவரா? இந்த ஒரு கேள்வி பல குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

அப்படியானால் மேடையில் விட்டதை எங்கே சொல்வது? விழுங்கிவிடச் சொல்லவில்லை. யாக்கோபு 5:16 குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லுகிறது. சொஸ்தமடையும்படிக்கு என்று நோக்கத்தையும் சொல்லிவிடுகிறது. இரகசியம் காக்கத் தெரிந்த போதகர் அல்லது முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம், கதவு சாத்திய அறையில், முழு விவரமும் சொல்லப்பட வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதில்) கேட்ட இரகசியத்தைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியிட முடியாது. மற்றச் சபைகளில் அந்த அளவு கட்டு இல்லாததால், சொல்வதற்கு முன் ‘இது நம் இருவருக்குள் இருக்குமா? எதை நீங்கள் வெளியே சொல்லக் கடமைப்பட்டவர்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் தேவை இன்று முளைத்தது அல்ல. மனந்திரும்புகிறவர்களின் பாவப் பட்டியலை எழுதிச் சபையில் உரக்க வாசிக்கும் வழக்கம் இத்தாலியின் சில பகுதிகளில் இருந்தது. ரோமாபுரி ஆயர் முதலாம் லியோ 459-ல் கடிதம் எழுதி அதைத் தடுத்தார். அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் பொருந்தும்: வெட்கத்தாலோ, பகைவர் கையில் சிக்கிச் சட்டத் தண்டனைக்கு ஆளாகும் பயத்தாலோ பலர் மனந்திரும்பவே வராமல் போய்விடுவார்கள்.

பெயர் வெளியிடாக் குடிநோயாளிகள் கழகம் 1935-ல் தொடங்கியது. அதன் பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, தவறுகளின் தன்மையைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. ஒரு மனிதர் போதும், கூட்டம் வேண்டாம். ஒன்பதாவது படி, பாதிக்கப்பட்டவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்வது, அப்படிப் போவதே அவர்களுக்கோ பிறருக்கோ தீங்காகும் இடங்களைத் தவிர. அந்த ‘தவிர’ என்ற விதிவிலக்கை எழுதிவைத்தவர்கள் அனுபவசாலிகள்.

மேடைக்கு வருவோம். ஐந்து நிமிடச் சாட்சிக்கு எங்கள் அளவு இது: பழைய வாழ்க்கைக்கு ஒரு நிமிடம், அதிகம் போனால் ஒன்றேகால். மனம் மாறியது எப்படி என்பதற்கு ஒன்றரை. மீதி முழுவதும் அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு: தினசரி மாற்றம், திருப்பிக் கொடுத்தது, இன்னும் தீராத போராட்டம். எழுதாமல் மேடையேறினால் இந்த அளவு தலைகீழாகும். காரணம் எளிது, பழைய வாழ்க்கையில் சம்பவங்கள் அதிகம், புதிய வாழ்க்கையில் பழக்கங்கள் அதிகம். சம்பவம் தானாக நாவில் வரும், பழக்கத்தை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆகவே எழுதுங்கள். மூன்றாம் பகுதியை முதலில் எழுதுங்கள், பிறகு இரண்டாவது, கடைசியாக முதலாவது. இப்படி எழுதினால், பின்னால் வரும் மாற்றத்தை விளங்கவைக்க எந்தப் பழைய விவரம் தேவையோ அது மட்டுமே முதல் பகுதிக்குள் வரும். கடிகாரத்தை வைத்துச் சத்தமாக வாசியுங்கள். ஐந்து நிமிடம் என்று எழுதியது முதல் வாசிப்பில் பெரும்பாலும் எட்டாகும். வெட்டும்போது முதல் பகுதியிலேயே வெட்டுங்கள். கண்ணீர் வரும் என்று தெரிந்த வரியை முதல் நிமிடத்தில் வைக்காதீர்கள். அழுகையில் எழுதிய தாள் மறந்துபோகும், சொல்லக்கூடாது என்று வைத்திருந்தது அந்த நேரத்தில்தான் வெளியே வரும்.

எழுதி முடித்த பிறகு இரண்டு பேர் வாசிக்க வேண்டும். ஒருவர் உங்கள் பழைய வாழ்க்கையை அறிந்தவர், மிகைப்படுத்தலைப் பிடிப்பதற்கு. இன்னொருவர் உங்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர், எந்த வரியில் அவர் மனம் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதற்கு. இரண்டாமவரிடம் ஒரு மணி நேரம் கழித்து, ‘என்ன ஞாபகம் இருக்கிறது?’ என்று கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இருப்பது பாவச் சம்பவம் என்றால் அந்த வரி போக வேண்டும்.

மிகைப்படுத்தல் திட்டமிட்டு வருவது குறைவு. ஒரே சாட்சியைப் பல இடங்களில் சொல்லும்போது, எந்த வரிக்குக் கூட்டம் மூச்சை இழுத்துப் பிடிக்கிறதோ அந்த வரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வளரும். இரண்டு வருடக் குடி ஐந்தாகும், தெருச் சண்டை கொலைமுயற்சியாகும். இதற்கு மருந்து, முதலில் எழுதிய தாளைத் தேதி போட்டுப் பாதுகாத்து, ஆண்டுக்கு ஒருமுறை இப்போது பேசுவதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. மிகைப்படுத்தலுக்கு இன்னொரு வேரும் இருக்கிறது, அது சபைகளின் பொறுப்பு. கொலைகாரன், கொள்ளைக்காரன் என்று தொடங்கும் சாட்சிகளுக்கே மேடை கொடுத்தால், விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, பெரிய வீழ்ச்சி எதுவும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்குச் சாட்சியே இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் ஒன்றை உண்டாக்கவும் செய்வார்கள். பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாக வந்த தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பவுல் குறைவாகச் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒன்றாவது அப்படிப்பட்ட சாட்சி மேடைக்கு வரட்டும்.

எப்போது மேடையேற்றுவது என்பதிலும் அவசரம் கூடாது. கண்காணியானவன் (சபையை நடத்துகிறவன்) நூதன சீஷனாயிருக்கக்கூடாது (விசுவாசத்துக்குப் புதியவனாக இருக்கக்கூடாது), இறுமாப்படைந்து விழுந்துவிடுவான் என்று 1 தீமோத்தேயு 3:6 எச்சரிக்கிறது. அந்த ஆபத்து ஒலிபெருக்கியிலும் இருக்கிறது. மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆனவரைப் பெருங்கூட்டத்தில் நிறுத்துவது அவருக்குச் செய்யும் தீமை. பின்னர் அவர் ஒருமுறை சறுக்கினால், கூட்டத்துக்குச் சொன்ன கதையைக் காப்பாற்றுவதற்காகவே அதை மறைப்பார். எங்கள் கணிப்பில் அடிமைப்பழக்கச் சாட்சிக்குக் குறைந்தது ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதுவரை ஐந்தாறு பேர் கொண்ட ஜெபக்குழு போதும். பிசாசு விட்டுப்போனவனை இயேசு ஊர் ஊராக அனுப்பவில்லை, ‘உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டுக்குப்போய்’ சொல் என்றார். வீட்டார் முன் மிகைப்படுத்த முடியாது, அவர்கள் எல்லாவற்றையும் பார்த்தவர்கள்.

முன்பு சார்ந்திருந்த மதத்தையோ அதில் இன்னும் இருக்கும் உறவினரையோ இழித்துப் பேசுவது சாட்சியின் பகுதி அல்ல. எபேசுவில் கலகம் எழுந்தபோது பவுலின் தோழர்களைப் பற்றி அந்நகரத்துச் சம்பிரதியே (நகர அதிகாரியே) சொன்னது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்ல என்பதுதான்.

ஒளிப்பதிவு பற்றி. கேமரா இயக்குகிறவரிடம் கூட்டத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும், பேச்சுக்கு நடுவே சைகை காட்டி நிறுத்த முடியாது. நேரலை வேண்டாம். பதிவு செய்து, பேசியவர் முழுதும் பார்த்து, 48 மணி நேரம் கழித்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிடுவது என்று சபை ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். நேரலையைத் தவிர்க்க முடியாவிட்டால் சாட்சி நேரத்தில் மட்டும் ஒலியை நிறுத்திவிடுவது எளிது. வெளியிடும்போது தலைப்பும் முகப்புப் படமும்தான் பெரும் ஆபத்து. அடக்கமாகப் பேசிய ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரோ ஒருவர் ‘அதிர்ச்சி! இத்தனை பேரைக் கெடுத்தேன்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டுவிடுவார். ஆகவே தலைப்புக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். பேட்டி என்றால் தொடப்படக்கூடாத விஷயங்களை எழுதி முன்பே கொடுத்துவிடுங்கள். அப்படியும் கேட்டால், ‘அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன், இங்கே சொல்வதற்கில்லை’ என்ற ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்து வைத்திருங்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் விவரமும் கூடவே வந்துவிடும்.

ஏற்கனவே வெளியாகிவிட்ட பதிவை எடுக்கக் கேட்க வெட்கப்பட வேண்டாம். முதலில் வெளியிட்டவரிடம் எழுத்தில் கேளுங்கள், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, அதில் யாருக்கு என்ன பாதிப்பு என்று குறிப்பிடுங்கள். முழுவதையும் நீக்க மறுத்தாலும் அந்தப் பகுதியை வெட்டப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மறுத்தால் அந்தத் தளத்திலேயே தனியுரிமைப் புகார் கொடுக்கும் வசதி இருக்கிறது. குழந்தையின் அடையாளம் வெளிப்பட்டிருந்தால் காத்திருக்காமல் அதையே முதலில் செய்யுங்கள்.

கடைசியாகத் தங்களுக்கே ஒரு விண்ணப்பம். மனமாறியவர்களைப் பற்றிய கட்டுரைகளைத் தங்கள் நாளிதழ் போன்றவை வெளியிடும்போது, அச்சுக்குப் போகுமுன் அந்த நபருக்கும் அவருடைய துணைக்கும் வாசகத்தைக் காட்டுங்கள். குழந்தைகளின் படம் வேண்டாம். கதையில் வரும் மூன்றாம் நபரின் ஊரும் தொழிலும் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இணையப் பதிப்பில் திருத்தம் கோரிக் கடிதம் அனுப்ப ஒரு முகவரியைக் கட்டுரையின் அடியிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சாட்சி சொல்வோரை ஆயத்தப்படுத்தும் ஊழியர்கள்